வேற கை

பவுலின் வீட்டில் ரூபினியின் கை எதையெல்லாம் தொடலாம் என்று கேட்டால் சொல்லி மாளாது. பாத்திரம் தேய்க்கலாம், மீன் கழுவலாம், பவுலினின் முழங்காலுக்குத் தைலம் தேய்க்கலாம். மாசத்துக்கு ஒரு தரம் அதே பவுலினின் நரம்பில் ஊசி ஏற்றி, சர்க்கரை பார்க்க ரத்தமும் எடுக்கலாம். ரூபினிக்கு லேபில் அதுதான் வேலை. அவர்கள் குடியிருக்கிற காக்ஸ் டவுனில் பாதிப் பேரை அவளுக்கு முகத்தைவிட நரம்பை வைத்துத்தான் தெரியும். இத்தனையும் தொடுகிற கை தொடக் கூடாதது ஒன்றே ஒன்றுதான். பெரிய வெள்ளிக்கு வீட்டில் பன் சுடுவார்கள். அந்தப் பன்னின் தலையில் மாவுக் கரைசலால் ஒரு சிலுவை போடுவார்கள். அதை மட்டும் ரூபினி போடக் கூடாது. ஞானஸ்நானம் வாங்காத கையாம்.

பவுலின் ரூபினியின் நாத்தனார். புருஷன் ஃபிராங்க்ளினுக்கு அக்கா, கல்யாணம் செய்துகொள்ளாதவள், கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். ஞாயிற்றுக்கிழமை கோவிலில் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி வகுப்பும் அவள்தான் எடுக்கிறாள். அப்பா அம்மா போன பிறகு தம்பியை ஆளாக்கினாள், அந்த நன்றியைத் தம்பி ஒரு நாளும் மறந்துவிடாதபடி பார்த்தும் கொண்டாள். கெட்டவள் என்று சொல்ல மாட்டேன். கெட்டவளாக இருந்தால் ரூபினி என்றைக்கோ ரெண்டில் ஒன்று பார்த்திருப்பாள். பவுலின் நல்லவள், அதுதான் தொல்லை.

பெரிய வெள்ளி பன் அந்த வீட்டுப் பெருமை. கோவிலில் மூன்று மணி வழிபாடு முடிந்ததும் பாடற்குழுக்காரர்கள் நேரே அங்கே வருவார்கள். காலையிலிருந்து ஒருசந்தி இருந்த வயிறு, தொண்டை வற்றப் பாடிய களைப்பு. ஆளுக்கு ஒரு பன், ஒரு டம்ளர் கறுப்பு டீ. பவுலினின் அம்மா ஆரம்பித்து வைத்த வழக்கம். அந்த அம்மா போனதும் பவுலின் செய்தாள், பவுலினுக்கு முழங்கால் போனதும் ரூபினி செய்கிறாள், சிலுவையை மட்டும் பவுலின் உட்கார்ந்தபடி போடுவாள். ஆனால் யார் கேட்டாலும் அது "பவுலின் வீட்டு பன்"தான். ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று சும்மாவா சொன்னார்கள்.

கல்யாணமான முதல் வருஷம் ரூபினி வெள்ளந்தியாகக் கேட்டாள். "நான் போடட்டுமாக்கா சிலுவை?"

"அதுக்கு ஞானஸ்நானம் வாங்கின கை வேணும்மா," என்றாள் பவுலின், தேன் ஒழுக.

கோவில் சட்டம் போலிருக்கிறது என்று ரூபினி பேசாமல் இருந்துவிட்டாள். பிறகு ஒரு நாள் வீடு மந்திரிக்க வந்த சாமியாரிடம் அவளே கேட்டாள். அவர் சிரித்துவிட்டார். "அப்படி ஒண்ணும் கிடையாதும்மா. கடையில விக்கிற பன்னுக்கெல்லாம் யார் சிலுவை போடுறாங்க? ரஃபீக்கும் ரமேஷும்தான் போடுறாங்க." சாமியார் போன பின் பவுலின் சொன்னாள், "கடை வேற, வீடு வேற." அத்தோடு பேச்சு முடிந்தது. ரூபினி பிறந்து வளர்ந்தது ஜீவனஹள்ளியில். காக்ஸ் டவுனிலிருந்து நடந்தே போய் வரலாம். பவுலின் அந்தப் பெயரை வாயால் சொல்லி ரூபினி கேட்டதில்லை. "அந்தப் பக்கம்" என்பாள். ஞானஸ்நானம் என்பது ஒரு சாக்கு, சாக்குக்குள்ளே கட்டி வைத்திருப்பது வேறு என்று ரூபினிக்குத் தெரியாதா என்ன? தெரியும். நாலு வருஷமாகத் தெரியும், ஐந்து வருஷமாகத் தெரியும், பொறுத்துக்கொண்டாள். ஒரு கோடு குறுக்கே, ஒரு கோடு நெடுக்கே. அதற்குப் போய் சண்டையா என்று விட்டுவிட்டாள்.

ஞானஸ்நானம் வாங்கிவிட்டுப் போயேன் என்று நீங்கள் கேட்கலாம். கல்யாணத்தின்போது சாமியாரே சொன்னார், உனக்கா தோணும்போது வாம்மா, அவசரமில்லை என்று. தோன்றியிருந்தாலும் தோன்றியிருக்கும். ஆனால் கை சுத்தமாகிறதற்காக வாங்கச் சொன்னால்? கை சுத்தமாகச் சோப்பு போதும் என்பது ரூபினியின் கட்சி.

இந்த வருஷம் பெரிய வெள்ளிக்கு முந்தின வாரம் பவுலினுக்குக் கண்ணில் புரை எடுத்தார்கள். குனியக் கூடாது, அடுப்பு அனலில் நிற்கக் கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு சாப்பாட்டு மேசைப் பக்கம் உட்கார்ந்து, அங்கிருந்தே சமையலறையை ஆண்டுகொண்டிருந்தாள். ரூபினிக்கு மனசுக்குள் ஒரு நப்பாசை. இந்தத் தடவை வேறு வழியில்லை, நீயே போட்டுவிடு என்று சொல்லித்தான் ஆக வேண்டும். கேட்கக் கூடாது, அவளாகச் சொல்லட்டும் என்று வீம்பாக இருந்தாள்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் மாவில் கை வைத்தாள். வெதுவெதுப்பான பாலில் ஈஸ்ட்டைக் கரைத்து, அது நுரைத்து வந்ததும் மைதாவோடு சேர்த்தாள். பட்டை, கிராம்பு, சாதிக்காய், கொஞ்சம் சுக்கு. எல்லாம் முந்தின நாள் அவள் வறுத்துப் பொடித்தது. ஆரஞ்சுச் சாறில் ஊறிய திராட்சை, சர்க்கரைப் பாகில் போட்ட ஆரஞ்சுத் தோல், வெண்ணெய். பிசையப் பிசைய முதலில் கையைப் பிடித்துக்கொள்கிற மாவு, அப்புறம் கையை விட்டுவிடும். அதுதான் பதம். ஈரத்துணி போட்டு மூடி வைத்தாள். மாவு உப்பி எழுந்ததும் மறுபடி அமுக்கி, உருட்டி, ரெண்டு தட்டில் அடுக்கி, திரும்ப உப்ப விட்டாள். பட்டை வாசனையில் வீடே ஒருசந்தியை மறந்துவிடும் போலிருந்தது. கரைசல் நிரப்பிய பால் பாக்கெட் கவரின் மூலையைக் கத்தரித்து வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"ரெடியாக்கா. சிலுவைதான் பாக்கி."

"ஆஞ்சலாக் கண்ணு," என்று பவுலின் கூப்பிட்டாள். "கை கழுவிட்டு வா. இந்த வருஷம் நீதான் சிலுவை போடப்போற."

ஆஞ்சலா ரூபினியின் மகள். வருகிற மே மாதம் ஐந்து முடிகிறது. குதித்துக்கொண்டு ஓடி வந்தாள். பவுலின் அவளை நாற்காலி மேல் ஏற்றி நிற்க வைத்து, நெற்றியில் சிலுவை வரையச் சொல்லி, பால் கவரைக் கையில் கொடுத்தாள். "ஞானஸ்நானம் வாங்கின கை," என்று ரூபினியைப் பார்த்துச் சிரித்தாள். அதில் விஷமம்கூட இல்லை, அவளுக்கு அது அவ்வளவு சாதாரணம்.

ரூபினிக்கு முகம் சுருங்கிப்போயிற்று. ஆனாலும் பிள்ளை சந்தோஷமாக இருக்கிறதே. முதல் சிலுவை பிள்ளையார் பிடிக்கக் குரங்கானது. ரெண்டாவதில் கரைசல் கொட்டிக் குளமாக நின்றது. கவரை அப்படி நசுக்கக் கூடாது என்று காட்டுவதற்காக ரூபினி பின்னால் போய்ப் பிள்ளையின் கைமேல் தன் கையை வைத்தாள்.

"நீ தொடாத ரூபினி," என்றாள் பவுலின்.

ரூபினி கையை எடுத்தாள். ஆஞ்சலா திரும்பிப் பார்த்தாள். "அம்மா ஏன் தொடக் கூடாது? அம்மா கை அழுக்கா?"

"அழுக்கில்ல கண்ணு. அது வேற கை."

"வேற கைன்னா?"

"வேற கைன்னா வேற கை. நீ போடு."

பிள்ளை போட்டது. முதல் தட்டு முடிந்ததும் ரூபினி அதை அடுப்பில் வைக்க எடுக்கப் போனாள். ஆஞ்சலா தட்டின் மேல் ரெண்டு கையையும் விரித்து மறைத்தாள். "நீ தொடாதம்மா. உனக்கு வேற கை."

விளையாட்டாகத்தான் சொன்னாள். கோபமில்லை, கொஞ்சல்கூட இருந்தது. நெருப்பைத் தொடாதே, கத்தியைத் தொடாதே என்று ஒரு நாளைக்கு எத்தனை கற்றுக்கொள்கிறது பிள்ளை, அதில் இதுவும் ஒன்று. ரூபினிக்குத் தாங்கவில்லை. தன்னை என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும், இத்தனை வருஷம் சொல்லியும் ஆயிற்று. தான் பெற்றதே தன் கையைத் தொடாதே என்று சொல்கிறது. இன்றைக்கு பன் தட்டு. நாளைக்கு? பள்ளிக்கூடத்துச் சிநேகிதிகளிடம், எங்கம்மா அந்தப் பக்கம் என்று சொல்லும். அதையும் கொஞ்சலாகவே சொல்லும்.

அந்தப் பிள்ளைக்கு ஞானஸ்நானம் எப்படி நடந்தது என்பதை இந்த இடத்தில் சொல்லியாக வேண்டும்.

கொரோனா ரெண்டாவது அலை அடித்த நேரம். ஃபிராங்க்ளினுக்குக் காய்ச்சல், வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருந்தான், பவுலின்தான் கஞ்சி வைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியில் ரூபினி ஒற்றை ஆள். எட்டாம் மாசத்திலேயே பிள்ளை பிறந்துவிட்டது. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். தாயைத் தவிர யாரையும் உள்ளே விட மாட்டார்கள், சாமியாரையும் சேர்த்துத்தான். அன்று சாயங்காலம் டாக்டர் வந்து, எதற்கும் மனசைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். ரூபினி வீட்டுக்குப் போன் போட்டாள். எடுத்தது பவுலின்.

"ரூபினி, அழாம நான் சொல்றதைக் கேளு," என்றாள், அவளே அழுதுகொண்டு. "ஆபத்துக்கு ஞானஸ்நானம் யார் வேணாலும் குடுக்கலாம். கிறிஸ்தவங்களா இருக்கணும்னுகூட இல்ல. மனசார குடுத்தா கோவில் ஏத்துக்கும். பிள்ளை தலையில தண்ணி ஊத்து. நான் சொல்லச் சொல்ல நீ சொல்லு."

ரூபினி நர்ஸிடம் கேட்டு, ஊசி மாட்டாத சிரிஞ்சில் சுத்தத் தண்ணீரை எடுத்தாள். பெட்டியின் ஓட்டை வழியாகக் கையை விட்டாள். தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு, பவுலின் சொல்லச் சொல்ல, "ஆஞ்சலா, பிதா சுதன் பரிசுத்த ஆவியின் பேரால நான் உனக்கு ஞானஸ்நானம் குடுக்கிறேன்," என்று சொல்லி, பூனைக்குட்டித் தலைபோல இருந்த அந்தத் தலையில் சொட்டுச் சொட்டாக விட்டாள். வேறு யாரும் கொடுக்கவில்லை. இந்தக் கைதான் கொடுத்தது.

பிள்ளை பிழைத்தது. ஊரடங்கெல்லாம் முடிந்து கோவிலுக்குக் கொண்டுபோனபோது சாமியார், ஏற்கனவே தண்ணீர் ஊற்றியாயிற்று என்றால் திரும்ப ஊற்றக் கூடாது, எண்ணெய் பூசி, வெள்ளை உடுப்பு போட்டு, மெழுகுவத்தி ஏற்றினால் போதும் என்றார். யார் ஊற்றினது என்று கேட்டார். ரூபினி வாயைத் திறப்பதற்குள் பவுலின் முந்திக்கொண்டாள். "ஒரு நர்ஸம்மா, ஃபாதர்." வெளியே வந்ததும் ரூபினியின் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள். "சொன்னா ஆளுக்கொண்ணு பேசுவாங்க ரூபினி. நமக்குள்ளயே இருக்கட்டும்." பிள்ளை மடியில் உயிரோடு இருந்த அந்தச் சந்தோஷத்தில் ரூபினி எதற்கும் தலையாட்டியிருப்பாள். சரிக்கா என்றாள். ஃபிராங்க்ளினிடம் மட்டும் சொன்னாள். "அக்கா ஒரு காரணமாத்தான் சொல்லியிருக்கும்," என்றான் அவன். அவன் எப்போதுமே அப்படித்தான், அக்கா இடித்தால் சுவரில் தப்பு.

அந்த வாக்கைத்தான் ரூபினி இத்தனை நாள் காப்பாற்றிக்கொண்டு வந்தாள். இப்போது ஆஞ்சலாவின் விரித்த கையைப் பார்த்தபடி நின்றாள். பிறகு பிள்ளையைத் தூக்கிக் கீழே இறக்கி விட்டாள். முதல் தட்டை அடுப்பில் தள்ளிக் கதவைச் சாத்தினாள். பால் கவரை எடுத்தாள். ரெண்டாவது தட்டில் குறுக்கே ஒன்று, நெடுக்கே ஒன்று என்று சிலுவை போட ஆரம்பித்தாள். ஆத்திரத்தில் கோடு ஒழுங்காக வரவில்லை. வந்தவரைக்கும் போதும் என்று போட்டாள்.

"அத்தை, அம்மா சிலுவை போடறா," என்று ஆஞ்சலா உடனே பற்ற வைத்தாள்.

பவுலின் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தாள். "என்ன பண்ற ரூபினி?"

"பார்த்தா தெரியலையாக்கா? கண்ணுல மருந்து போட்டுக்கிட்டு வந்து பாருங்க."

"பெரிய வெள்ளியும் அதுவுமா என்ன பேச்சு இது?"

"பெரிய வெள்ளியும் அதுவுமாத்தான் பிள்ளைகிட்ட சொன்னீங்க, அம்மா கை வேற கைன்னு. அன்னைக்குப் போன்ல இன்னா சொன்னீங்க? யார் வேணா குடுக்கலாம்னு சொன்னீங்களா இல்லையா? அன்னைக்கு இது இன்னா கை?"

பவுலினின் குரல் தாழ்ந்தது. "பிள்ளை முன்னாடி அந்தப் பேச்சு வேணாம். நீ வாக்குக் குடுத்திருக்க."

சத்தம் கேட்டு ஃபிராங்க்ளின் வந்தான். குளித்து, பாடற்குழுவின் வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். ரெண்டு பேர் முகத்தையும் பார்த்தான், தட்டையும் பார்த்தான். ஐ.டி. கம்பெனியில் அவனுக்கு வேலையே ரெண்டு டீமுக்கு நடுவில் சமாதானம் பேசுவதுதான். அதற்குச் சம்பளம் வேறு கொடுக்கிறார்கள். "விடு ரூபி," என்றான். "ஒரு நாள்தானே. சொல்ப, கொஞ்சமே கொஞ்சம், அட்ஜஸ்ட் பண்ணிக்கோ. அந்தத் தட்டை நாம சாப்பிட்டுக்கலாம், வர்றவங்களுக்கு ஆஞ்சலா போட்டதை வைக்கலாம்."

"அதுதான் சரி," என்றாள் பவுலின். "அது உள்ளயே இருக்கட்டும்."

ரூபினி அடுப்புப் பக்கம் திரும்பினாள். முதல் தட்டு வெந்ததும் வெளியே எடுத்து, ரெண்டாவதை உள்ளே தள்ளினாள்.

ரெண்டரைக்கெல்லாம் மூன்று பேரும் கோவிலுக்குக் கிளம்பிப் போனார்கள். வீடு காலியானது. ரூபினி சர்க்கரைப் பாகைச் சூடாக்கி, பன்களின் மேல் தூரிகையால் பூசினாள். பளபளவென்று வந்தது. பூசிக்கொண்டே யோசித்தாள். பையில் நாலு துணியைப் போட்டுக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விடலாம். கோட்டையைத் தாண்டுவதுபோல ஒன்றுமில்லை, ரயில் கேட்டைத் தாண்டினால் ஜீவனஹள்ளி. அம்மா எல்லம்மா ஏன் வந்தாய் என்றுகூடக் கேட்க மாட்டாள், தட்டைப் போட்டுச் சோறு வைப்பாள். போனால் என்ன ஆகும்? பவுலின் வருத்தப்படுவாள், ஃபிராங்க்ளின் வந்து கூப்பிடுவான், ரெண்டு நாளில் இவளே திரும்ப வருவாள், அடுத்த வருஷமும் பிள்ளை நாற்காலி மேல் நிற்கும். நான் ஏன் போகணும், என்று ரூபினி வாய்விட்டே சொன்னாள். மாவு என்னுது, கை என்னுது, பிள்ளை என்னுது. வாக்கு மட்டும்தான் அவளுது. அது உறுத்தியது. கொடுத்த வாக்கை மீறுகிறவள் இல்லை ரூபினி. ஆனால் வாக்கு வாங்கினவள் அதை வைத்துக்கொண்டு தன்னையே அடிக்கலாமா? தட்டை மேசையில் வைப்பது மட்டும், வேறொன்றும் பேசுவதில்லை என்று ஒரு முடிவுக்கு வந்தாள்.

ஐந்து மணி வாக்கில் பாடற்குழு வந்தது. ஏழெட்டுப் பேர். முன்னால் வந்தது ஓஸ்வால்ட். ஆஸ்வால்ட் அல்ல, ஓஸ்வால்ட். தப்பாகச் சொன்னால் அவருக்குப் பிடிக்காது. குழுவை நடத்துகிற பெரியவர், ஆஞ்சலாவுக்கு ஞானத்தகப்பன். அவர் பின்னால் டெஸ்மண்ட், குழுவிலேயே கனத்த குரலும் கனத்த வயிறும் அவனுக்குத்தான். பசியில் யாருக்கும் பேச்சு வரவில்லை. மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். பவுலின் ஆஞ்சலாவின் தட்டை நடுவில் நகர்த்தினாள்.

"இன்னா பவுலின், சிலுவையெல்லாம் கோணிக்கிட்டு நிக்குது?" என்று ஓஸ்வால்ட் ஒரு பன்னை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "கண்ணு இன்னும் சரியாவலையா?"

"நான் போடலை. எல்லாம் எங்க ஆஞ்சலா," என்று பவுலின் பிள்ளையை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

அடடே, அப்படியா, என் கண்ணே என்று ஆளாளுக்குப் பாராட்டினார்கள். அப்போது ரூபினி உள்ளேயிருந்து ரெண்டாவது தட்டைக் கொண்டு வந்து மேசையில், முதல் தட்டுக்குப் பக்கத்திலேயே, வைத்தாள்.

"அது உள்ள இருக்கட்டும்னு சொன்னேனே," என்றாள் பவுலின், சிரிப்பு மாறாமல்.

"இங்கயே இருக்கட்டும்க்கா."

டெஸ்மண்டுக்கு அந்தத் தட்டுதான் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. கையை நீட்டினான்.

"அங்கிள், அது வேணாம்," என்றாள் ஆஞ்சலா. மறைக்கல்வி வகுப்பில் பதில் சொல்கிற அதே கணீர்க் குரல். "அது அம்மா போட்டது. அம்மா கை வேற கை."

டெஸ்மண்டின் கை அந்தரத்தில் நின்றது. யாரோ டம்ளரை மேசையில் வைத்தார்கள். எல்லோரும் ரூபினியைப் பார்த்தார்கள், பிறகு அவளைப் பார்க்காமல் வேறெங்கோ பார்த்தார்கள். அவர்களில் நாலு பேருக்காவது அவள் ரத்தம் எடுத்திருக்கிறாள். ஃபிராங்க்ளின் சட்டென்று ஒரு பன்னை எடுத்து வாயில் திணித்துக்கொண்டான். வாயில் என்ன கொழுக்கட்டையா என்று கேட்பார்கள். அவனைக் கேட்க வேண்டியதே இல்லை, பன்தான் என்று எல்லோருக்கும் தெரிந்தது.

அழுகை வரும் என்று ரூபினி நினைத்தாள், வரவில்லை. பிள்ளையின் முன்னால் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

"ஆஞ்சலா, உன் கை ஞானஸ்நானம் வாங்கின கைன்னு அத்தை சொன்னாங்கல்ல?"

"ஆமா."

"அந்த ஞானஸ்நானத்தை யார் குடுத்தாங்கன்னு தெரியுமா?"

"ரூபினி," என்றாள் பவுலின்.

"இருங்கக்கா. உன் தலையில தண்ணி ஊத்தினது நான். நீ இத்தினி இருந்த. டாக்டர் பொழைக்காதுன்னு சொல்லிட்டாரு. அத்தை போன்ல ஒவ்வொரு வார்த்தையா சொன்னாங்க, நான் சொல்லிக்கிட்டே ஊத்தினேன். இந்தக் கை. நல்லாப் பாத்துக்கோ." ரெண்டு உள்ளங்கையையும் விரித்துப் பிள்ளையின் முகத்துக்கு நேரே காட்டினாள். மாவின் வெண்மை நகக்கண்ணில் இன்னும் போகவில்லை.

ஓஸ்வால்ட் பன்னைக் கீழே வைத்துவிட்டார். "நர்ஸுன்னு சொன்னியே பவுலின். ஃபாதர்கிட்ட என் காதுபட சொன்னியே. நான் மெழுகுவத்தி பிடிச்சுக்கிட்டுப் பக்கத்துலதானே நின்னேன்."

பவுலின் தம்பியைப் பார்த்தாள். தம்பி மென்றுகொண்டிருந்தான். கடைசியில் அவன்தான் ஒரு வழியாக விழுங்கிவிட்டு, தரையைப் பார்த்தபடி சொன்னான். "நர்ஸ் இல்ல. ரூபிதான். எனக்கும் தெரியும்." கல்யாணமான நாளிலிருந்து அக்காவுக்கு எதிராக அவன் சொன்ன முதல் வாக்கியம் அதுதான் என்று ரூபினிக்குத் தோன்றியது. சந்தோஷப்பட நேரமில்லை.

"நான் பொய் சொல்றேனாக்கா? சொல்லுங்க," என்றாள்.

"பொய்னு யார் சொன்னா?" பவுலின் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். டீச்சர் அல்லவா, தப்பு தன் பக்கம் என்றாலும் முதுகு வளையாது. "ஆபத்துக்கு யார் குடுத்தாலும் அது ஞானஸ்நானம்தான். யார் கைன்னு பார்க்கிறது இல்ல. பிள்ளைகளுக்கு நானே சொல்லிக் குடுத்திருக்கேன்."

ஆஞ்சலா அம்மாவின் உள்ளங்கையை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு தன் கையைத் திருப்பிப் பார்த்தாள். அவளுக்குக் கணக்கு எங்கேயோ உதைத்தது. அத்தையிடம் போய் நின்றாள்.

"அத்தை, என் தலையில வேற கைதான் தண்ணி ஊத்துச்சா?"

பவுலின் மேசை மேல் சிந்திய பன் துணுக்குகளைக் கையால் கூட்டினாள்.

"அப்போ நான் போட்டதையும் சாப்பிடக் கூடாதா?"

அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டுப் பிள்ளை உண்மையிலேயே பயந்துபோய்த் தன் கோணல் சிலுவைத் தட்டைப் பார்த்தது. உதடு துடிக்க ஆரம்பித்தது. முப்பது வருஷமாக எத்தனை பிள்ளைகள், எத்தனை கேள்விகள், ஒன்றுக்காவது பவுலின் பதிலில்லாமல் நின்றதுண்டா? சாப்பிடலாம்டி என்று ரூபினி சொல்லியிருக்கலாம், வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள், அவ்வளவுதான். பதில் வர வேண்டிய இடத்திலிருந்து வரட்டும் என்று பவுலினையே பார்த்துக்கொண்டு நின்றாள். பாடற்குழு மொத்தமும் பசியோடு காத்திருந்தது.

"சாப்பிடலாம்," என்றாள் பவுலின். தொண்டைக்குள்ளேயே சொன்னாள்.

"எதைக்கா?"

பவுலின் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி, நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கெஞ்சல் இருந்தது, போதும் விடு என்று. அன்றைக்குக் கோவில் வாசலில் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சின அதே பவுலின்தான். அன்றைக்கு ரூபினி தலையாட்டினாள்.

"ரெண்டையும்," என்றாள் பவுலின்.

"பிள்ளைக்குக் கேக்கலக்கா," என்றாள் ரூபினி. "சத்தமா சொல்லுங்க. அம்மா போட்டதையும் சாப்பிடலாம்னு சொல்லுங்க."

பவுலின் சொன்னாள். டீச்சர் குரலில், சமையலறை வரைக்கும் கேட்கிற மாதிரி, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள்.